நிகாஹ் பதிவோடு தொடங்க வேண்டிய தாய்மைப் பராமரிப்பு

2017 மார்ச்சில் கிண்ணியாவை டெங்கு உலுக்கியதை திருகோணமலை மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. பாடசாலைகள் மூடப்பட்டன, வைத்தியசாலைக் கட்டில்கள் நிரம்பி வழிந்தன. அந்த ஆண்டு நாடு முழுவதும் சுமார் 1,86,000 பேர் பாதிக்கப்பட்டனர். கர்ப்பிணிகளுக்கு டெங்கு இரட்டை ஆபத்து. கர்ப்ப காலத்தில் இரத்தம் இயல்பாகவே ஐதாவதால் நோயின் அபாயக் குறி இரத்தப் பரிசோதனையில் மறைந்துபோகலாம். குறைமாதப் பிரசவம், இரத்தப்போக்கு ஆகியவற்றுக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே கர்ப்பிணிக்குக் காய்ச்சல் கண்டால் முதல் நாளே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். மூன்று நாள் பார்ப்போம் என்பது தவறு.

இது கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. தெரியாத ஒன்றும் உண்டு.

கருத்தரித்து சுமார் 22ஆம் நாளில் சிசுவின் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. மூளையும் முண்ணாணும் உருவாகும் நரம்புக் குழாய் 28ஆம் நாளளவில் மூடிக்கொள்கிறது. அது சரியாக மூடாவிட்டால் முதுகெலும்புப் பிளவு போன்ற குறைபாடுகள் ஏற்படும். இவற்றில் பெரும்பகுதியைத் தடுக்க வல்லது போலிக் அமிலம். கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் எடுக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். மாதவிடாய் தவறும்போதே கருவுக்கு இரண்டு வாரமாகிவிடும். சந்தேகம் தீர்ந்து, மாமியாரிடம் சொல்லி, மிட்வைப் மிஸ்ஸிடம் பதிவு செய்யப் போகும்போது அந்தக் குழாய் மூடும் நாள் கடந்திருக்கும். அதன் பிறகு தரப்படும் வில்லை, தவறிய அந்த நாட்களை மீட்டுத் தராது.

இதற்காகவே சுகாதார அமைச்சு புதுமணத் தம்பதிகளுக்கென கருத்தரிப்புக்கு முந்திய சேவையை நடத்துகிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நிறை, குருதியமுக்கம், இரத்தச்சோகை பார்க்கப்படும். போலிக் அமிலம் வழங்கப்படும். ருபெல்லா தடுப்பூசி போடாதவர் போட்டுக்கொண்டு, ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போடலாம்.

எமது சமூகத்தில் நெருங்கிய உறவுத் திருமணங்கள் உள்ளன. தாய், தந்தை இருவரும் தலசீமியா காவிகளாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. காவியா என அறிய இரத்தப் பரிசோதனை போதும். அதைப் பெண் பேசும்போதே செய்துகொள்வது யாருக்கும் அவமானமல்ல.

ஆசிரியர்களாகிய எங்களிடமும் குறை இருக்கிறது. சாதாரண தர விஞ்ஞானத்தில் மனித இனப்பெருக்கம் வரும்போது, "வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்று கடந்துவிடுகிறோம். நானும் அப்படிக் கடந்தவன்தான். அந்த மாணவிகளில் சிலர் அடுத்த ஆண்டே மணமேடை ஏறிவிடுகிறார்கள். உடல் வளர்ச்சி முழுமையடையாத வயதில் தாயாவது இரத்தச்சோகை, நிறை குறைந்த குழந்தை என்று இன்னும் ஆபத்துகளைச் சேர்க்கிறது.

தாய்மார் நேரத்துக்கு வந்தால் எமது சுகாதார சேவை என்ன செய்யும் என்பதற்குச் சான்று உண்டு. தாயிலிருந்து சிசுவுக்கு எச்.ஐ.வி., சிபிலிஸ் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக 2019 டிசம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் அங்கீகரித்தது.

கிண்ணியா, மூதூர், தோப்பூர், புல்மோட்டைப் பள்ளிவாசல் நிர்வாகங்களிடம் ஒரு வேண்டுகோள். நிகாஹ் பதிவுக்கு வரும் மணமக்களிடம், பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சென்றுவரும்படி விவாகப் பதிவாளர் ஒரு வார்த்தை சொல்லட்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், செலவும் இல்லை. ஆனால் ஒரு பிள்ளையின் வாழ்நாள் முழுவதும் அந்த ஒரு வார்த்தையில் தங்கியிருக்கலாம்.