சூரபத்மன் எங்கே இருக்கிறான்?

ஐப்பசி மாதம் கந்த சஷ்டி அன்று திருச்செந்தூர் கடற்கரையில் சூரசம்ஹாரம் பார்க்க லட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள். வேல் பாய்ந்ததும் "அரோகரா" முழக்கம் விண்ணைப் பிளக்கிறது. கூடியிருக்கும் அத்தனை பேரும் முருகன் கட்சிதான்! சூரன் கட்சியில் ஒருவர்கூட இல்லை. அப்படியானால் ஊரில் இவ்வளவு அகம்பாவம் எங்கிருந்து வருகிறது?

காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாச்சாரியார் இயற்றிய கந்தபுராணத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் உண்டு. வெறும் போர்க்கதையாகப் படித்தால் நல்லவன் ஜெயித்தான், கெட்டவன் தோற்றான் என்பதோடு கதை முடிந்துவிடும். சைவ சித்தாந்த வழியில் அதற்கு வேறொரு பொருள் சொல்வார்கள். தாரகன் மாயை, சிங்கமுகன் கன்மம், சூரபத்மன் ஆணவம். உயிரைக் கட்டிப்போடும் மூன்று மலங்கள் இவை. போரில் தாரகன் முதலில் வீழ்கிறான், சூரபத்மன் கடைசியில். காரணம் இருக்கிறது. எல்லாக் குறைகளையும் விட்டவனிடம்கூட "நான் விட்டுவிட்டேன்" என்ற கர்வம் மிஞ்சி நிற்கும்!

சூரபத்மன் சோம்பேறியும் அல்ல. 1008 அண்டங்களை 108 யுகங்கள் ஆளும் வரத்தை அருந்தவம் செய்து பெற்றவன். இங்கேதான் கவனிக்க வேண்டும். ஆணவம் சும்மா வருவதில்லை, உழைத்துப் பெற்றதிலிருந்துதான் முளைக்கிறது. முதல் மதிப்பெண் வாங்கிய மாணவனும், சொந்தக் காலில் நின்று முன்னேறிய வியாபாரியும் அதைத் தகுதி என்றே நினைக்கிறார்கள். வெற்றி என்றால் தன் கணக்கில் வரவு, தோல்வி என்றால் அடுத்தவர் கணக்கில் பற்று!

போரின் நடுவே முருகனின் பேருருவைக் கண்டு சூரன் ஒரு நிமிடம் உருகுகிறான். அந்த உருவம் மறைந்ததும் பழைய கோபம் திரும்பிவிடுகிறது. கோயிலில் கண்ணீர் விட்டுக் கும்பிட்டவர், வாசலில் செருப்பு பார்த்துக்கொள்பவரிடம் எரிந்து விழுவது இதேதானே?

கடைசியில் சூரன் மாமரமாகி நிற்க, வேல் அதை இரண்டாகப் பிளக்கிறது. அப்போதும் அடங்காமல் மயிலும் சேவலுமாகிச் சண்டைக்கு வருகிறான். முருகன் அவற்றை அழிக்கவில்லை. மயிலை வாகனமாக்கினான், சேவலைக் கொடியாக்கினான். ஆணவத்தை ஒழிக்கத் தேவையில்லை, அதன் இடத்தை மாற்றினால் போதும் என்பதே இதன் பொருள். ஏறி உட்கார்ந்து ஆட்டிப் படைத்த அதே திறமை, பிறரைச் சுமக்கத் தொடங்கினால் அழகாகிவிடுகிறது. நன்றாகப் படிக்கும் மாணவன், பின்தங்கிய நண்பனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும்போது நடப்பது அதுதான்.

ஆனால் ஓர் ஆபத்து உண்டு. இந்தத் தத்துவத்தைத் தெரிந்துகொண்டதும் மேலதிகாரியையும் மாமியாரையும் சூரபத்மன் என்று கைகாட்டத் தோன்றும். அப்படிக் கைகாட்டும் விரலுக்குப் பின்னால்தான் உண்மையான சூரன் ஒளிந்திருக்கிறான். அடுத்த சஷ்டியில் "அரோகரா" சொல்லும்போது, வேல் தன்னை நோக்கி வருவதாக ஒருவர் நினைத்தாலே போதும்... புராணம் படித்ததற்குப் பலன் கிடைத்துவிடும்!