மீன் தொட்டிக்கு ஒரு காவல்காரன்

கல்யாணத்துக்காக நாலு நாள் வெளியூர் கிளம்பும் குடும்பம், எதிர்வீட்டில் சாவியைக் கொடுத்து மீனுக்குத் தீனி போடச் சொல்லிவிட்டுப் போகிறது. திரும்பி வந்து பார்த்தால் தொட்டித் தண்ணீர் பால்போல் கலங்கிக் கிடக்கிறது. பாதி மீன்கள் மிதக்கின்றன. எதிர்வீட்டுக்காரரைக் குறை சொல்ல முடியாது. மீன்கள் பசியோடு பார்ப்பதுபோல் அவருக்குத் தோன்றியிருக்கிறது, தாராளமாகவே போட்டுவிட்டார். மிஞ்சிய தீனி அழுகி அம்மோனியாவானது. 'இதையெல்லாம் ஒரு மெஷினிடம் ஒப்படைத்துவிட்டால் என்ன?' என்ற எண்ணம் மீன் வளர்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு காலைப் பொழுதில்தான் பிறக்கிறது.

அந்த மெஷினைச் செய்வது இன்று பெரிய காரியமில்லை. இத்தாலியில் உள்ள இவ்ரியா நகரத்து டிசைன் கல்லூரி ஒன்றில், எலெக்ட்ரானிக்ஸ் தெரியாத மாணவர்களுக்காக 2005இல் உருவான அர்டுயினோ என்ற சின்னஞ்சிறு கம்ப்யூட்டர் அட்டைதான் இதற்கு வழி திறந்துவிட்டது. சென்னை ரிச்சி தெரு, பெங்களூர் எஸ்.பி. ரோடு, மும்பை லேமிங்டன் ரோடு, டெல்லி லஜ்பத்ராய் மார்க்கெட் என்று எங்கு தேடினாலும் அதன் நகல்கள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. கூடவே ஒரு வெப்ப சென்சார், மணி காட்டும் ஒரு சில்லு, நாலு ரிலேக்கள் கொண்ட ஒரு பலகை. சாலிடரிங் இரும்பைப் பிடிக்கத் தெரிந்தவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்துவிடலாம். காலையில் விளக்கு எரியும், இரவில் அணையும். தண்ணீர் குளிர்ந்தால் ஹீட்டர் ஓடும், சூடேறினால் மின்விசிறி சுழலும்.

புரோகிராமும் எளிதுதான். 25.5 டிகிரிக்குக் கீழே போனால் ஹீட்டரைப் போடு, 26.5 வந்தால் அணை. நடுவில் அந்த ஒரு டிகிரி இடைவெளி அவசியம். 26 என்று ஒரே எண்ணை வைத்தால் ரிலே நிமிடத்துக்குப் பத்து முறை டிக் டிக் என்று அடித்துக்கொண்டு சீக்கிரமே ஆயுளை முடித்துக்கொள்ளும். முதல் வாரம் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. வீட்டுக்கு வருபவர்களுக்கெல்லாம் காட்டியாகிறது. சங்கடம் அதற்குப் பிறகுதான்.

இந்த வேலைக்கு அநேகமாக எல்லோரும் வாங்குவது டி.எஸ்.18பி20 என்ற சென்சார். ஸ்டீல் குழாய்க்குள் அடைத்து, ஒயரோடு விற்கிறார்கள். அரை டிகிரிக்குள் சரியாகச் சொல்லும் நல்ல சரக்கு. போலிகளும் சந்தையில் ஏராளம் என்பது வேறு விஷயம். அதன் ஒயர் அறுந்துபோனாலோ, இணைப்பில் பச்சை பூத்து விட்டுப்போனாலோ என்ன ஆகும்? அர்டுயினோவில் பலரும் பயன்படுத்தும் தயார்நிலைப் புரோகிராம் அப்போது மைனஸ் 127 டிகிரி என்று ஓர் எண்ணைத் திருப்பித் தருகிறது. 'சென்சார் இல்லை' என்பதற்கான குறி அது. ஆனால் வீட்டில் எழுதிய அந்த இரண்டு வரிப் புரோகிராமுக்கு அது தெரியுமா? தண்ணீர் மைனஸ் 127க்குப் போய்விட்டது என்று நம்பி ஹீட்டரைப் போட்டுவிடும். 26.5 என்ற செய்தி ஒருபோதும் வரப்போவதில்லை. ஆகவே ஹீட்டரும் அணையப்போவதில்லை. சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்து மீனைச் சமைத்துவிடுகிறது இந்தக் காவல்காரன்.

இதே சென்சார் இன்னொரு வேடிக்கையும் செய்யும். மின்சாரம் வந்தவுடன், முதல் அளவீடு முடிவதற்குள் கேட்டால் 85 டிகிரி என்று சொல்லும். அது அதன் பிறவிக் குணம். இதனால் மீனுக்கு ஆபத்தில்லை, ஹீட்டர் அணைந்திருக்கும். விசிறி மட்டும் ஒரு கணம் வீணாகச் சுற்றும். பரிகாரம் இரண்டுக்கும் ஒன்றுதான். 15 டிகிரிக்குக் கீழோ 40க்கு மேலோ எந்த எண் வந்தாலும் அதை நம்பாதே, ஹீட்டரை அணைத்துவிட்டு மணியை அடி என்று கூடுதலாக இரண்டு வரி எழுதிவிட வேண்டும். தொட்டியைக் காப்பாற்றும் வரிகள் என்னவோ இவைதான். கைபேசியில் கிராஃப் வரைந்து காட்டும் இருநூறு வரிகள் அல்ல.

புரோகிராம் சரியாக இருந்தாலும் ரிலே காலை வாரிவிடலாம். 10 ஆம்பியர் தாங்கும் என்று அதன் முதுகில் அச்சிட்டிருப்பார்கள். 100 வாட் ஹீட்டர் இழுப்பதோ அரை ஆம்பியருக்கும் குறைவு. ஆனால் மோட்டார் பம்ப், குளிரூட்டும் கம்ப்ரசர் போன்றவற்றைப் போட்டு அணைக்கும்போது பொறி பறந்து, நாளடைவில் ரிலேயின் உள்ளே இருக்கும் உலோக முனைகள் ஒட்டிக்கொள்வது உண்டு. அப்புறம் கம்ப்யூட்டர் என்ன உத்தரவிட்டாலும் மின்சாரம் நிற்காது. அதனால்தான் அனுபவஸ்தர்கள் ஹீட்டரிலேயே இருக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதில்லை. அதை ஒரு டிகிரி தள்ளி 27.5இல் வைத்துவிடுகிறார்கள். ஒரு பூட்டு உடைந்தால் இன்னொரு பூட்டு.

மூன்றாவது பூட்டும் உண்டு, அதற்குச் செலவே கிடையாது: சின்ன ஹீட்டர். 100 லிட்டர் தண்ணீரில் 100 வாட் ஹீட்டர் அணையாமல் ஓடினால் மணிக்கு ஒரு டிகிரிகூட ஏறாது, 0.86தான் கணக்கு. அதிலும் அறைக்குள் கசியும் வெப்பம் போக மிஞ்சுவது இன்னும் குறைவு. அதே தொட்டியில் 300 வாட் போட்டால் மணிக்கு 2.6 டிகிரி. நாலு மணி நேரத்தில் 26இலிருந்து 36. கடைக்காரர் 'பெரிசா வாங்கிக்குங்க சார், சீக்கிரம் சூடாகும்' என்பார். டெல்லி ஜனவரிக்குப் பெரிதாகத்தான் தேவையென்றால் ஒன்றுக்குப் பதில் இரண்டு சிறியவை வாங்குவது மேல்.

சென்னை, ஹைதராபாத், நாக்பூர் வாசிகளுக்கு இந்தக் கவலை தலைகீழ். அங்கே மே மாதத்தில் தொட்டி தானாகவே 33, 34 என்று நிற்கும். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகவே கரையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் என்றால் 30இல் 7.6. மீனுக்கோ சூட்டில் மூச்சு அதிகம் வாங்கும். நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறு விசிறியை ஓடவிட்டால் மண்பானைத் தத்துவம் வேலை செய்கிறது. 100 லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் ஆவியானால் கிட்டத்தட்ட 6 டிகிரிக்குச் சமமான வெப்பம் கூடவே போய்விடும். அறையிலிருந்து சூடு மறுபடி ஏறிக்கொண்டே இருப்பதால் கையில் நிற்பது இரண்டு, மூன்று டிகிரி. கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் அதுவும் குறையும்.

ஆவியான தண்ணீரை மறுபடி நிரப்ப வேண்டுமே? இங்குதான் தரை நனைகிறது. மிதவை சுவிட்ச் இறங்கினால் பம்ப் ஓடும், ஏறினால் நிற்கும் என்பது ஏற்பாடு. மிதவையில் ஒரு நத்தை ஊர்ந்து உட்கார்ந்தால் போதும், அது ஏறாது. ஆகவே பம்ப் எத்தனை தேவையென்றாலும் ஒரு தடவைக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடக்கூடாது என்று புரோகிராமில் கட்டுப்பாடு வேண்டும். பம்ப் மூழ்கியிருப்பதும் 5 லிட்டர் வாளியாக இருக்க வேண்டும், மாடித் தொட்டிக் குழாயாக அல்ல. எல்லாமே தவறினாலும் கொட்டுவது 5 லிட்டர்தான்.

நம்மூர் நிலவரத்துக்கு மின்வெட்டையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். ரிலேயில் இரண்டு வழிகள் உண்டு: உத்தரவு வந்தால் மட்டும் மின்சாரம் விடுவது ஒன்று, உத்தரவு வந்தால் மட்டும் நிறுத்துவது மற்றொன்று. ஹீட்டரை முதல் வழியில் இணைக்க வேண்டும், ஃபில்டரையும் ஏர் பம்பையும் இரண்டாவது வழியில். கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தாலும் காற்றுக் குமிழி நிற்காது. மின்சாரமே போய்விட்டால் தானாக ஓட ஆரம்பிக்கும் பேட்டரி ஏர் பம்ப் தனியாகக் கடையில் கிடைக்கிறது. ஃபில்டர் பல மணி நேரம் நின்றுபோனால் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாக்கள் மூச்சுத் திணறிச் சாகும். மீன்களுக்கு ஆபத்து அடுத்த சில நாட்களில்தான் தெரியும்.

மனிதர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 230 வோல்ட்டும் தண்ணீரும் ஒரே மேஜையில் இருக்கின்றன. 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் இந்த வேலையைத் தொடக்கூடாது. ஒயர்கள் பிளக்குக்குப் போகும் முன் ஒரு வளைவாகக் கீழே தொங்க வேண்டும், வழிந்து வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும். ரிலேப் பலகை தொட்டிக்கு மேலே அல்ல, பக்கவாட்டில், மூடிய பெட்டிக்குள் இருக்கட்டும்.

தீனி போடும் சிறு மோட்டார்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் அவசியம் குறைந்தது அதுதான். வளர்ந்த ஆரோக்கியமான மீன்கள் நாலைந்து நாள் பட்டினி கிடக்கும், குஞ்சுகளுக்குத்தான் கஷ்டம். ஈரக்காற்றில் தீனி கட்டிதட்டி, ஒருநாள் மொத்தமாகக் கொட்டினால் எதிர்வீட்டுக்காரர் கதைதான் மறுபடியும்.

ஊருக்குக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே, வீட்டில் ஆள் இருக்கும்போது, ஒவ்வொன்றாகக் கெடுத்துப் பார்க்கிறார்கள் தேர்ந்தவர்கள். சென்சார் ஒயரை உருவுகிறார்கள், மிதவையைக் கையால் அமுக்கிப் பிடிக்கிறார்கள், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருக்கிறார்கள். எல்லாம் தேறிய பிறகும் சாவி எதிர்வீட்டுக்குத்தான் போகிறது. கூடவே ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவதற்கு, தேதி எழுதி மடித்த இரண்டே இரண்டு பொட்டலம் தீனி. டப்பா அலமாரிக்குள், பூட்டப்பட்டு.