அஞ்சறைப் பெட்டிக்கு ஆறு பலகை போதும்

இப்போது கட்டுகிற வீடுகளில் மாடுலர் கிச்சன் என்று ஒன்று போடுகிறார்கள். அடுப்பை ஒட்டிக் கீழே இழுக்கிற கம்பித் தட்டு. மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், சீரகம் எல்லாம் அதற்குள். பார்க்க அழகுதான். ஆனால் மளிகைச் சாமானுக்கு அதைவிடக் கெட்ட இடம் சமையலறையில் இல்லை என்பது என் கட்சி. அடுப்புச் சூட்டில் வாசனை போய்விடும். ஆவி பட்டால் தூள் கட்டி தட்டும். நம் வயதுக்காரர்கள் கடுகு எடுக்கக்கூட இடுப்பை வளைக்க வேண்டும், அது வேறு.

நம் பாட்டிமார் வைத்திருந்த அஞ்சறைப் பெட்டியில் இந்தத் தொல்லை கிடையாது. மூடி போட்ட மரப்பெட்டி. ஓர் அறையில் இரண்டு பிடிக்கு மேல் கொள்ளாது. வெளிச்சமும் படாது. மஞ்சளும் மிளகாயும் வெளிச்சத்தில் வெளுக்கும். முழு மிளகு நாள்பட மணக்கும், பொடித்த மிளகு மணக்காது.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வரதராஜப் பெருமாள் கோயில் இட்லி, மந்தாரை இலை போட்ட மூங்கில் குடலையில் வேகிறது. அதன் ருசி மிளகு, சீரகம், சுக்கு, நெய்யில் இருக்கிறது. வீட்டில் செய்தால் அந்த மணம் வரவில்லையே என்பவர்கள், டப்பாவில் உள்ள சுக்குப்பொடி எத்தனை மாதப் பழசு என்று முதலில் பார்க்கட்டும்.

பழைய அஞ்சறைப் பெட்டிகள் இன்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போய்விட்டன. வாங்குகிறவர்கள் கூடத்தில் அலங்காரமாக வைக்கிறார்கள். அதற்குப் பணம் கொடுப்பதைவிட, சுவரில் மாட்டும் சின்ன அலமாரியாகப் புதிதாகச் செய்துகொள்ளலாம்.

தேக்கு தேவையில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு வெளிநாட்டுச் சாமான்கள் பைன் மரப் பெட்டிகளில் வருகின்றன. பிரித்த பலகை பழைய மரக் கடைகளில் கிடைக்கும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். பலகையில் கதிர் படத்தோடு ஒரு முத்திரை இருக்கும். அதில் 'எச்.டி.' என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கிய மரம். உள்மரம்வரை 56 டிகிரியில் 30 நிமிடம். 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப்புகை போட்டது. அதைத் தொடவே வேண்டாம். முத்திரை இல்லாததையும் எண்ணெய்க் கறை படிந்ததையும் விட்டுவிடுங்கள்.

நான் சொல்லும் அளவு இது: உள்ளகலம் 1 அடி, உயரம் ஒன்றே முக்கால் அடி, ஆழம் 4 அங்குலம். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, குறுக்கே நான்கு, ஆக ஆறு பலகை. பின்னால் மெல்லிய பிளைவுட், முன்னால் கதவு. மூன்று தட்டில் பன்னிரண்டு கண்ணாடிப் புட்டி நிற்கும். ஆழம் 4 அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன். தாண்டினால் ஒரு புட்டிக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்துகொண்டு மறந்துபோகும்.

பைன் மெத்தென்ற மரம். ஓரத்தில் நேராக ஆணி அடித்தால் பிளக்கும். முதலில் துளை போட்டுத் திருகாணி முடுக்க வேண்டும். பிசின் வாடை போக நான்கு நாள் வெயிலில் காய வையுங்கள். உள்ளே பெயிண்ட் வேண்டாம். அடுப்புக்கு எதிர்ச் சுவரில், கண் மட்டத்தில் மாட்டுங்கள்.

"பைனைக் கரையான் தின்றுவிடுமே" என்பார்கள். உண்மைதான். அதனால்தான் தரையில் வைக்காமல் மாட்டச் சொல்கிறேன். சுவர் ஈரம் ஏறாமல் பின்னால் இரண்டு கட்டை கொடுத்து அரை அங்குலம் இடைவெளி விட்டால் போதும். அப்படியும் அரித்தால் ஆறு பலகைதானே, மாற்றிக்கொள்ளலாம்.

பெட்டி சின்னதாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்க, நம்மில் பல வீடுகளில் இன்று இரண்டே பேர். ஆனால் மாதச் சாமான் சீட்டு மட்டும் எட்டுப் பேர் சாப்பிட்ட காலத்து அளவிலேயே போகிறது. வண்டு விழுந்த மல்லியையும் மணம் போன பெருங்காயத்தையும் தூக்கிப் போட மனசு வராமல் சமைக்கிறோம். பிறகு, வயதாகிவிட்டது, நாக்கு செத்துவிட்டது என்று சொல்லிக்கொள்கிறோம். நூறு கிராம் மிளகு வாங்குங்கள். தீர்ந்தால் கடைக்கு நடந்து போகலாம், காலுக்கும் நல்லது.