தலையை எண்ணினார்கள்... பெயரை எழுதவில்லை! - 400 ஆண்டு அமெரிக்காவைச் சொல்லும் கணக்கெடுப்புப் பதிவேடு

அமெரிக்க வரலாறு என்றதும் கொலம்பஸ், ஜார்ஜ் வாஷிங்டன், ஆபிரகாம் லிங்கன், மார்ட்டின் லூதர் கிங் என்று சில பெயர்கள் வரிசையாக ஞாபகத்துக்கு வரும். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் படித்திருப்போம். அதே கதையைப் படிக்க இன்னொரு வழியும் இருக்கிறது. தலைவர்களையும் போர்களையும் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பதிவேட்டைப் புரட்டுவதுதான் அது.

வீடு வீடாகப் போய், 'இந்த வீட்டில் எத்தனை பேர்?' என்று கேட்டு எழுதும் சாதாரண நோட்டுதானே என்று தோன்றலாம். ஆனால், யாருடைய பெயரை எழுதினார்கள், யாரை வெறும் எண்ணாக விட்டார்கள், யாரைச் சேர்க்கவே இல்லை என்று பார்த்தால், அந்த நாடு யாரை மனிதராக மதித்தது என்பது புரிந்துவிடும்.

ஒரு வரியில் வாழும் பெண்

1607-ல் வர்ஜீனியாவில் இருக்கும் ஜேம்ஸ்டவுனில் ஆங்கிலேயர்கள் குடியேறினார்கள். அமெரிக்க மண்ணில் அவர்கள் அமைத்த முதல் நிலையான குடியிருப்பு அது. அங்கே 1624-25-ல் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. யார் யார் இருக்கிறார்கள், எந்தக் கப்பலில் வந்தார்கள், வீட்டில் எவ்வளவு சோளம் இருக்கிறது, எத்தனை துப்பாக்கி இருக்கிறது என்று எல்லாவற்றையும் எழுதினார்கள். தலைமுறை தலைமுறையாக அந்தப் பகுதியில் வாழ்ந்துவந்த பவ்ஹாட்டன் பூர்வகுடிகளின் ஊர்கள் இந்தக் கணக்கில் வரவில்லை.

அந்தப் பட்டியலில், கேப்டன் வில்லியம் பியர்ஸ் என்பவரின் வீட்டில் ஒரு கறுப்பினப் பெண் இருந்ததாக ஒரு வரி இருக்கிறது. பெயர் 'ஏஞ்சலோ'. இன்றைய ஆய்வாளர்கள் ஏஞ்சலா என்கிறார்கள். 'டிரெஷரர்' என்ற கப்பலில் வந்தவர். 1619-ல் ஆப்பிரிக்காவின் அங்கோலாவிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களில் ஒருவர். அவருக்கு என்ன வயது, அம்மா அப்பா யார், ஏஞ்சலா என்பதற்கு முன்னால் அவருக்கு என்ன பெயர் இருந்தது... எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. வர்ஜீனியா மண்ணில் பெயரோடு பதிவான முதல் ஆப்பிரிக்கர்களில் ஒருவரின் வாழ்க்கை, இப்படி ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

ஐந்து பேர் என்றால் மூன்று பேர்!

1776-ல் சுதந்திரப் பிரகடனம். 1787-ல் அரசியல் சட்டம் எழுத உட்கார்ந்தார்கள். பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்களை எண்ண வேண்டும், அந்த எண்ணிக்கையை வைத்தே ஒவ்வொரு மாநிலத்துக்கும் பிரதிநிதிகள் சபையில் இடம் தர வேண்டும் என்று முடிவானது. அங்கேதான் சண்டை வந்தது.

தெற்கு மாநிலங்களில் அடிமைகள் அதிகம். அவர்களையும் சேர்த்து எண்ணினால் தங்களுக்குக் கூடுதல் இடம் கிடைக்கும் என்பது தெற்கின் கணக்கு. 'ஓட்டு கொடுக்க மாட்டீர்கள், சொத்தாக விற்பீர்கள், இடம் வாங்க மட்டும் ஆளாக எண்ணுவீர்களா?' என்பது வடக்கின் கேள்வி. கடைசியில் ஒரு சமரசம் செய்தார்கள். ஐந்து அடிமைகள் இருந்தால் மூன்று பேராகக் கணக்கு. இத்தனைக்கும் அந்தச் சட்டத்தில் 'அடிமை' என்ற சொல்லே கிடையாது. 'மற்ற நபர்கள்' என்று நாசூக்காக எழுதிவைத்தார்கள்.

1790-ல் முதல் கணக்கெடுப்பு நடந்தது. நாட்டின் மொத்த மக்கள்தொகை சுமார் 39 லட்சம். அதில் ஏறத்தாழ 7 லட்சம் பேர் அடிமைகள். குடும்பத் தலைவரின் பெயரை மட்டும் எழுதிவிட்டு, மற்றவர்களைக் கட்டம் கட்டமாக எண்ணிக்கையில் நிரப்பினார்கள். வெள்ளையினக் குடும்பங்களிலும் மனைவி, மக்களுக்குப் பெயர் இல்லை.

1870 என்ற சுவர்

சுதந்திர மனிதர்கள் எல்லோருடைய பெயரையும் எழுதும் வழக்கம் 1850-ல் வந்தது. குழந்தைகள் வரை பெயர் ஏறியது. அடிமைகளுக்கு மட்டும் தனிப் பட்டியல். மேலே உரிமையாளரின் பெயர் இருக்கும். கீழே 'வயது 30, ஆண்', 'வயது 6, பெண்' என்று வரிசை போகும். அந்த 6 வயதுச் சிறுமிக்கு அவள் அம்மா ஆசையாக வைத்த பெயர் இருந்திருக்கும். எழுத வந்தவர் அதைக் கேட்கவில்லை. 1860 கணக்கெடுப்பில் இப்படி எண்ணப்பட்டவர்கள் ஏறத்தாழ 40 லட்சம் பேர்.

1861-ல் உள்நாட்டுப் போர் தொடங்கி 1865-ல் முடிந்தது. 13-வது சட்டத்திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 1868-ல் வந்த 14-வது திருத்தம் அந்த 'ஐந்துக்கு மூன்று' கணக்கைக் குப்பையில் போட்டது. அதன்பிறகு 1870-ல் நடந்த கணக்கெடுப்பில்தான், விடுதலையான லட்சக்கணக்கானவர்களின் பெயர்கள் முதன்முறையாகப் பதிவேட்டில் ஏறின.

இன்று தங்கள் முன்னோரைத் தேடும் கறுப்பினக் குடும்பங்கள் இதை '1870 சுவர்' என்கிறார்கள். அந்த ஆண்டு வரை பெயர் பெயராகப் பின்னோக்கிப் போக முடிகிறது. அதற்கு முன்னால் போனால் வயதும் எண்ணும்தான். பழைய உரிமையாளரின் உயில், விற்பனைப் பத்திரம், தேவாலயப் பதிவு என்று ஒவ்வொன்றாகத் தோண்டித்தான் அந்தச் சுவரைத் தாண்ட வேண்டியிருக்கிறது.

இயந்திரம் வந்தது, எல்லை முடிந்தது

மக்கள்தொகை பெருகப் பெருக, கையால் கூட்டிக் கட்டுப்படியாகவில்லை. 1880 கணக்கெடுப்பைத் தொகுத்து முடிக்கவே பல ஆண்டுகள் ஆயின. ஹெர்மன் ஹொலெரித் என்ற பொறியாளர், அட்டையில் துளை போட்டு மின்சாரத்தால் எண்ணும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். 1890-ல் அது கணக்கெடுப்புக்கு வந்தது. அவருடைய நிறுவனம் வேறு சில நிறுவனங்களோடு இணைந்து, பிற்பாடு ஐ.பி.எம். என்று பெயர் மாறியது. கணினி யுகத்தின் ஒரு வேர் இந்தத் தலைக்கணக்கில் இருக்கிறது!

அதே 1890 கணக்கெடுப்பை வைத்து, 'மேற்கே குடியேறுவதற்கு இனி எல்லைக்கோடு என்று ஒன்றும் மிச்சமில்லை' என்று அறிவித்தார்கள். பூர்வகுடிகளை நாடு முழுக்க எண்ண முயன்றதும் அப்போதுதான். கணக்கில் வந்தவர்கள் சுமார் 2.48 லட்சம் பேர். அந்த ஆண்டு டிசம்பரில்தான் தெற்கு டகோட்டாவின் வூண்டட் நீ என்ற இடத்தில் லகோட்டா மக்களை, பெண்கள் குழந்தைகள் என்றும் பாராமல், ராணுவம் சுட்டுத் தள்ளியது. பூர்வகுடிகள் அனைவருக்கும் குடியுரிமை கிடைக்க 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

'ஹிந்து' என்றொரு இனம்

இந்தியர்கள் இந்தப் பதிவேட்டில் எப்படி இருந்தார்கள்? 1920, 1930, 1940 கணக்கெடுப்புகளில் 'இனம்' என்ற இடத்தில் 'ஹிந்து' என்றொரு பிரிவு இருந்தது. சீக்கியராக இருந்தாலும் முஸ்லிமாக இருந்தாலும், இந்தியாவிலிருந்து வந்தவர் என்றால் 'ஹிந்து'தான்!

இந்த வகைப்படுத்தலால் வாழ்க்கையையே இழந்தவர்கள் உண்டு. பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாப் சீக்கியர், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவர். குடியேறியவர்களில் வெள்ளையர்களும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் மட்டுமே குடியுரிமை பெறலாம் என்று சட்டம் இருந்த காலம் அது. அவர் வெள்ளையர் இல்லை, எனவே குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று 1923-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து, ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்து அது பறிக்கப்பட்டது. சான் பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பகாய் அவர்களில் ஒருவர். குடியுரிமையும் போய், சொத்தும் போய், சொந்த ஊருக்குப் போய்வர அமெரிக்க பாஸ்போர்ட்டும் கிடைக்காமல், 1928-ல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

1946-ல் சட்டம் மாறியது. இந்தியர்கள் குடியுரிமை பெறலாம், ஆண்டுக்கு 100 பேர் குடியேறலாம் என்றார்கள். 1965-ல் வந்த குடியேற்றச் சட்டம்தான் கதவை நன்றாகத் திறந்துவிட்டது.

எண்ணியவர்களே காட்டிக்கொடுத்தார்கள்

கணக்கில் சேர்ந்துவிட்டால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடுமா? 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கியது. 1942-ல், அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைக்க உத்தரவு வந்தது. எந்தத் தெருவில், எந்தப் பகுதியில் எத்தனை ஜப்பானியர் இருக்கிறார்கள் என்ற விவரத்தை ராணுவத்துக்குக் கொடுத்தது கணக்கெடுப்புத் துறை. சுமார் 1.2 லட்சம் பேர் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். 'உங்கள் விவரம் ரகசியமாக இருக்கும்' என்று நம்பிப் பதில் சொன்னவர்கள்.

1988-ல் அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுக்கச் சட்டம் இயற்றியது. கணக்கெடுப்புத் துறையின் தலைவர் மன்னிப்புக் கேட்டது 2000-ல். இந்தப் பழைய காயத்தால்தான், 2020 கணக்கெடுப்பில் 'நீங்கள் குடிமகனா?' என்ற கேள்வியைச் சேர்க்க அரசு முயன்றபோது அவ்வளவு எதிர்ப்பு கிளம்பியது. 2019-ல் உச்ச நீதிமன்றம் வரை போன பிறகு, அந்தக் கேள்வி இல்லாமலே கணக்கெடுப்பு நடந்தது.

உங்கள் போனிலேயே பார்க்கலாம்

ஒருவர் என்ன இனம் என்பதை வெகுகாலம் வரை வாசலில் நின்று பார்த்த கணக்கெடுப்பாளரே முடிவு செய்தார். 1960-லிருந்துதான் மக்கள் தாங்களே நிரப்பும் முறை படிப்படியாக வந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறிக்க 2000-ல் அனுமதித்தார்கள். இந்திய வம்சாவளியினருக்கு 1980-ல் தனிக் கட்டம் கிடைத்தது. 2020-ல் அந்தக் கட்டத்தை மட்டும் குறித்தவர்கள் சுமார் 44 லட்சம் பேர்.

தனிநபர் விவரங்கள் 72 ஆண்டுகள் பூட்டியே இருக்கும். 1950 பதிவேடு 2022 ஏப்ரல் 1 அன்று திறக்கப்பட்டது. அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில், கையெழுத்துப் பக்கங்களை அப்படியே இலவசமாகப் பார்க்கலாம். அமெரிக்க வரலாறு படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், ஏதாவது ஓர் ஊரின் ஒரு பக்கத்தை எடுத்துக் கொடுத்துப் பாருங்கள். யார் எங்கே பிறந்தார்கள், என்ன வேலை பார்த்தார்கள் என்று அவர்களே ஒரு தெருவின் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

அடுத்து 1960 பதிவேடு 2032 ஏப்ரலில் திறக்கும். சென்னையில் பிறந்த சியாமளா கோபாலன், 1958-ல் 19 வயதில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படிக்கப் போனார். அவருடைய மகள் கமலா ஹாரிஸ் 2021-ல் அந்த நாட்டின் துணை அதிபரானார். சியாமளாவின் பெயரும் அந்தப் பதிவேட்டில் இருக்கக்கூடும். அந்த ஆண்டுப் படிவத்தில் 'ஹிந்து' கட்டமும் இல்லை, இந்தியர்களுக்கென்று தனிக் கட்டமும் இல்லை. அப்படியென்றால் அவர் பெயருக்கு நேராக என்ன எழுதியிருப்பார்கள்?