தமிழ் பேசாத தமிழர்

தமிழ் பேசத் தெரியாதவர் தமிழரே அல்லர் என்ற தீர்ப்பு மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மேடைதோறும் வழங்கப்படுகிறது. அண்மையில் ஒரு சங்கக் கூட்டத்திலும் அதற்குப் பலத்த கைதட்டல். அப்படிக் கைதட்டுவோர் மலாக்காவின் காஜா பெராங்கில் உள்ள கம்போங் செட்டிக்கு ஒருமுறை போய்வர வேண்டும்.

மலாக்கா செட்டிகள் 15ஆம் நூற்றாண்டில், சுல்தான்கள் ஆட்சியில், வணிகத்துக்கு வந்து உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிவிட்ட தமிழரின் வழித்தோன்றல்கள். பின்னாளில் வட்டிக்கடை வைத்த நகரத்தார் வேறு, இவர்கள் வேறு. 1511இல் போர்த்துக்கீசியர், 1641இல் டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர் என்று ஆட்சிகள் மாறின; வீட்டுமொழி மலாய் ஆயிற்று. பெண்கள் மலாய் உடையான சாரோங் கெபாயா உடுத்தினார்கள். ஆனால் 1781இல் பொய்யாத விநாயகர் கோயிலை எழுப்பியதும் இந்தச் சமூகம்தான். மலேசியாவில் இன்றும் பூசை நடக்கும் இந்துக் கோயில்களில் மிகப் பழையது அது.

போகியன்று செட்டி வீடுகளில் முன்னோருக்குப் படையல் உண்டு. ‘பர்ச்சு’ என்பார்கள். விளக்கேற்றி, வாழையிலை விரித்து, இறந்தவர்கள் விரும்பி உண்டதையெல்லாம் பரிமாறிச் சாம்பிராணி காட்டுவார்கள். இலையில் இருப்பது சம்பலும் தேங்காய்ப்பால் சோறும், வேண்டிக்கொள்வது மலாயில். மறுநாள் பொங்கல். சரளமாகத் தமிழ் பேசும் எத்தனை வீடுகளில், தாத்தாவுக்குப் பிடித்தது எந்தக் குழம்பு என்று நினைவு வைத்து இலை போடுகிறார்கள்? மொழி போனால் எல்லாம் போயிற்று என்பவர்கள் இந்த இலைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மேடைப் பேச்சாளர்கள் மட்டும் குற்றவாளிகள் அல்லர். அரசுப் படிவங்களும் மனிதரை ஒற்றைக் கட்டத்துக்குள் அடைக்கின்றன. மலேசியாவில் செட்டிகள் ‘இந்தியர்’. ‘மண்ணின் மைந்தர்’ எனப் பொருள்படும் பூமிபுத்ரா தகுதி கேட்டும் கிடைக்கவில்லை. போர்த்துக்கீசிய வம்சாவளியினருக்கோ 1984இலேயே பூமிபுத்ராக்களுக்குரிய யூனிட் டிரஸ்ட் முதலீட்டுத் திட்டத்தில் இடம் கிடைத்தது. அறுநூறு ஆண்டுகள் மண்ணில் வாழ்ந்தவர்கள் மண்ணின் மைந்தர் இல்லையாம். தமிழரிடம் வந்தால், தமிழரும் இல்லையாம். இது அநியாயம்.

இந்தத் தீர்ப்பு தமிழுக்கும் உதவவில்லை. கோயில் வாசலில் ஒரு பிள்ளையை நிறுத்தி, “தமிழ் தெரியாதா? அப்புறம் என்ன தமிழன்?” என்று பத்துப் பேர் முன்னால் கேட்டால், அது மறுவாரம் தமிழ் வகுப்புக்கு வராது, கோயிலுக்கு வருவதையும் நிறுத்திவிடும்.

காஜா பெராங்கின் முத்துமாரியம்மன் கோயில் 1822இல் எழுந்தது. அங்கு நடக்கும் திருவிழாவைச் செட்டிகள் ‘டத்தோ சாச்சார்’ என்கிறார்கள். மலாயில் சாச்சார் என்றால் அம்மைநோய். தெய்வத்தின் வேலை மறக்கவில்லை, பெயர்தான் மலாய்க்கு மாறியிருக்கிறது. அந்த அம்மனுக்குக் காவடி எடுத்துப் போகிறவர்களிடம் யாரும் தமிழ்த் தேர்வு வைக்க வேண்டியதில்லை.