ஞாயிறு மட்டும் போதுமா?



வாரந்தவறாமல் ஆலயத்திற்கு வரும் தம்பதியரின் இல்லறம் நலமாகத்தான் இருக்கும் என்று நாம் எளிதில் எண்ணிவிடுகிறோம். ஆலய வருகை நல்லதே. ஆனால் அது மணவாழ்வின் அளவுகோல் ஆகாது. ஆராதனை முடிந்து வீட்டுக்குத் திரும்பிய பின்பு இருவருக்கும் இடையே நடப்பவையே இல்லறத்தின் நலத்தைத் தீர்மானிக்கின்றன என்பது என் கருத்து.

அமெரிக்க உளவியலாளர் அன்னெட் மஹோனியும் உடன் ஆய்வாளர்களும் 97 தம்பதியரை ஆராய்ந்து 1999இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டனர். கணவனும் மனைவியும் சேர்ந்து ஈடுபடும் பக்திச் செயல்களும், தங்கள் மணவாழ்வு தூய்மையானது என்னும் எண்ணமும், இல்லற நிறைவோடு நெருங்கிய தொடர்புடையவையாக அதில் காணப்பட்டன. ஒவ்வொருவரும் தனித்தனியே எவ்வளவு பக்தியுள்ளவர் என்பதைக் காட்டிலும், பக்தியில் அவர்கள் எவ்வளவு இணைந்திருக்கிறார்கள் என்பதே அங்கு அதிகம் பேசியது.

வேதம் இதை அன்றே உணர்த்தியிருக்கிறது. மனைவியைக் கனப்படுத்தாத கணவனுடைய ஜெபம் தடைபடும் என்று பேதுரு தம் முதல் நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தில் எச்சரிக்கிறார். உபவாசத்திற்காகவும் ஜெபத்திற்காகவும் தம்பதியர் பிரிந்திருப்பதானாலும், அது இருவரின் சம்மதத்தோடு சிறிது காலத்திற்கு மட்டுமே இருக்கவேண்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு அறிவுறுத்துகிறார். அப்படியானால், இல்லறத்தைப் பட்டினி போட்டுச் செய்யும் ஊழியத்தைத் தேவன் நம்மிடம் கேட்கவில்லை.

நம் சபையின் வாரத்தைச் சற்று எண்ணிப்பாருங்கள். கணவருக்குக் கமிட்டிக் கூட்டம், மனைவிக்குப் பெண்கள் ஐக்கிய சங்கம், வெள்ளியன்று உபவாச ஜெபம், சனியன்று பாடகர் குழுப் பயிற்சி. இவை யாவும் நல்லவை. ஆயினும் இவற்றின் நடுவே இருவரும் அமைதியாக உட்கார்ந்து பேச ஒரு மாலைப் பொழுதும் மிஞ்சாவிட்டால், குறை அவர்களுடையது மட்டுமன்று; சபையினுடையதும் ஆகும். புதிதாக மணமுடித்தவன் ஓராண்டு போருக்குச் செல்லாமல், தன் மனைவியை மகிழ்விக்க வீட்டில் இருக்கட்டும் என்று உபாகமம் 24ஆம் அதிகாரம் விதிக்கிறது. போருக்கே விலக்கு உண்டென்றால், கமிட்டிக்கு இல்லையா? மணமான முதல் ஆண்டில் எவர்மீதும் சபைப் பொறுப்புகளைச் சுமத்தாதிருப்பது நல்லது.

சம்பளத்தையும் கடனையும் ஒருவருக்கொருவர் மறைப்பதும், இருவர் முடிவெடுக்க வேண்டியதைப் பெற்றோர் முடிவுசெய்வதும் பல விசுவாசக் குடும்பங்களில் அன்பைக் கரைக்கின்றன. காணிக்கையில் உண்மையாயிருப்பவர் வீட்டுக் கணக்கிலும் உண்மையாயிருக்க வேண்டாமா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அடிபடும் மனைவியிடம், "பொறுத்துக்கொள், ஜெபி" என்று மட்டும் சொல்லி அனுப்புவது ஆலோசனை அன்று. மனைவிகள் கீழ்ப்படியவேண்டும் என்னும் எபேசியர் வசனத்தை எடுத்துக்காட்டுவோர், ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்லும் அதற்கு முந்திய வசனத்தையும் வாசிக்கவேண்டும். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005ஆம் ஆண்டுச் சட்டம் நம் நாட்டில் உண்டு. 181 என்னும் உதவி எண்ணும் உண்டு. அவற்றை நாடுவது விசுவாசக் குறைவு அன்று. முதலில் அவளுக்குப் பாதுகாப்பு. சமாதானப் பேச்சு அதன் பின்பே.

இந்த வாரம் ஒவ்வொரு இரவும் கால்மணி நேரம் ஒதுக்குங்கள். தொலைக்காட்சியும் கைபேசியும் ஓய்ந்திருக்கட்டும். ஒருவர் மற்றவருக்காகப் பெயர் சொல்லி, வாய்விட்டு ஜெபியுங்கள். அதற்கு முன், "இன்று உன் மனதில் உள்ள பாரம் என்ன?" என்று கேளுங்கள். கேட்டறியாத பாரத்திற்காக எவ்வாறு ஜெபிக்க முடியும்? அந்தக் கேள்விக்குப் பொறுமையோடு செவிகொடுப்பதே பல இல்லங்களில் முதல் ஜெபமாக அமையும்.

கர்த்தர் உங்கள் இல்லங்களைச் சமாதானத்தினால் நிரப்புவாராக. ஆமென்.