எட்டு மணியும் எட்டு மணி நேரமும்



சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுது. கோலா தெர்லாவில் வழக்கம்போல் மழை. என் வகுப்பு மாணவன் ஒருவனின் பாட்டியார், குடையும் கையுமாக என் வீட்டு வாசலில் நின்றார். இளமையில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். இப்பொழுது பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். ஒரு வாரமாகக் காய்ச்சலும் சளியும் விட்டபாடில்லை என்றார். மருந்து உறையை வாங்கிப் பார்த்தேன். எட்டு மணி நேரத்திற்கு ஒரு மாத்திரை என ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"எப்படிப் பாட்டி சாப்பிடுறீங்க?" என்று கேட்டேன்.

"பேரன் படிச்சுச் சொன்ன மாதிரிதான் சார். காலையில எட்டு மணிக்கு ஒண்ணு, ராத்திரி எட்டு மணிக்கு ஒண்ணு."

மூன்று வேளை உண்ண வேண்டிய மருந்தை இரண்டு வேளை உண்டிருக்கிறார். நல்ல வேளையாகப் பெரிய தீங்கு நேரவில்லை. பையனைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. ஏனெனில் அவன் மொழிபெயர்த்த முறை நான் கற்றுக்கொடுத்த முறை! 'ஒவ்வொரு', 'எட்டு', 'மணி' எனச் சொல்லுக்குச் சொல் வைத்தான். தமிழில் 'எட்டு மணி' என்றால் கடிகாரம் காட்டும் பொழுது. 'எட்டு மணி நேரம்' என்றால் கால அளவு. 'நேரம்' என்ற ஒரு சொல் விடுபட்டது. ஒரு வேளை மருந்தும் விடுபட்டது.

மொழிபெயர்ப்பு என்பது புலவர்களின் வேலை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் இந்நாட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் பத்து வயதிலேயே மொழிபெயர்ப்பாளர்கள். மின்கட்டணச் சீட்டு, மருந்துச் சீட்டு, அரசுக் கடிதம், கைப்பேசிக் குறுஞ்செய்தி ஆகிய அனைத்தையும் வீட்டில் முதியோருக்குப் படித்துச் சொல்பவர்கள் அவர்கள்தாம். அந்த வேலைக்கு நாம் அவர்களைப் பழக்கியிருக்கிறோமா?

ஆங்கிலத்தில் 'டேக்' என்ற ஒரு வினைச்சொல் உண்டு. அகராதியில் அதற்கு 'எடு' என்று பொருள் பார்த்த பிள்ளை, 'மருந்து எடுத்தேன், தேர்வு எடுத்தேன், பேருந்து எடுத்தேன், குளியல் எடுத்தேன்' என்று எழுதுகிறது. தமிழில் மருந்தை உண்கிறோம், தேர்வை எழுதுகிறோம், பேருந்தில் ஏறுகிறோம், குளிப்பதற்கோ குளித்தால் போதும், எதையும் எடுக்க வேண்டியதில்லை! படம் மட்டும் 'எடுக்கலாம்'. ஒரே ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் இத்தனை வினைகளைத் தருகிறது.

மரபுத்தொடர்களில் இந்தச் சிக்கல் இன்னும் வெளிப்படை. 'நீல நிலவில் ஒருமுறை' என்று மாணவி ஒருத்தி கட்டுரையில் எழுதியிருந்தாள். நம் பாட்டிமார் அதை 'அத்தி பூத்தாற்போல' என்பர். ஆங்கிலேயர் ஒரே கல்லில் இரண்டு பறவைகளை வீழ்த்துகின்றனர்; நாம் இரண்டு மாங்காய்களை வீழ்த்துகிறோம்; மலாய்க்காரர்களோ மூழ்கும்போதே தண்ணீரும் குடித்துவிடுகின்றனர். நம் தவளை கிணற்றுக்குள் இருக்கிறது. மலாய்த் தவளை தேங்காய்ச் சிரட்டையின் கீழ் இருக்கிறது. தவளை ஒன்றுதான், அறியாமையும் ஒன்றுதான். மூடியிருக்கும் பொருள்தான் வேறு. இதை வகுப்பில் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே மூன்று மொழிகளையும் கற்பார்கள்.

மொழிபெயர்ப்பில் மலாய் நமக்கு எதிரியன்று, பல இடங்களில் துணை. ஆங்கிலம் 'ரைஸ்' என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறது. தமிழில் நெல், அரிசி, சோறு. மலாயில் பாடி, பெராஸ், நாசி. ஆங்கிலத்தின் 'வீ' என்பதற்குத் தமிழில் நாம், நாங்கள் என இரண்டு. மலாயிலும் கீத்தா, காமி என இரண்டு. 'வீ' என்று தொடங்கும் ஆங்கில வரியை மொழிபெயர்ப்பவன், எதிரில் இருப்பவரைச் சேர்த்துச் சொல்கிறோமா, விலக்கிச் சொல்கிறோமா என்று எண்ணிப் பார்த்தே தீரவேண்டும். ஐரோப்பாவில் ஏறத்தாழ இருபது இலட்சம் பேர் பேசும் ஸ்லோவேனிய மொழியில் இருவருக்கென்றே தனி எண் வடிவம் உண்டு. ஆதலால் அவர்கள் இதே வரியில் 'இருவரா, பலரா?' என்று கேட்கவேண்டும். ஒவ்வொரு மொழியும் மொழிபெயர்ப்பாளனிடம் தனக்கே உரிய கேள்வியைக் கேட்கிறது. அந்தக் கேள்வியைக் காதில் வாங்காமல் எழுதுவதே பிழையின் தொடக்கம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். நண்பர்களான ஆசிரியர்கள் சிலர், 'பிறமொழிச் சொற்களை விலக்கித் தூய தமிழில் எழுதக் கற்பித்தால் போதும். மற்றவை தாமே சீராகும்' என்பர். அவர்தம் தமிழ்ப்பற்றை நான் மதிக்கிறேன். பேருந்து, கணினி, இணையம், மின்னஞ்சல் முதலிய சொற்கள் அத்தகைய பற்றாளர்களின் உழைப்பால் நிலைபெற்றவை. ஒளிச்சேர்க்கை என்ற சொல்லைக் கேட்டவுடன், ஒளிக்கும் அதற்கும் தொடர்புண்டு என்று பிள்ளைக்கு விளங்கிவிடுகிறது. 2003ஆம் ஆண்டு முதல் தமிழ்ப்பள்ளிகளிலும் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டு, பின்னர் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டுகளில் பயின்ற பிள்ளைகள் பலர், தேயிலைச் செடிகளுக்கு நடுவே வாழ்ந்தும், இலை உணவு தயாரிக்கும் செயலுக்குத் தமிழ்ப்பெயர் அறியாமல் வளர்ந்தனர். கலைச்சொல்லின் அருமை எனக்குத் தெரியும்.

ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடன் வாங்கிய சொல் கண்ணுக்குத் தெரியும். கடன் வாங்கிய வாக்கிய அமைப்பு தெரியாது. 'கிளினிக்கில் மருந்து வாங்கிச் சாப்பிட்டேன்' என்பதில் ஒரு பிறமொழிச் சொல் இருக்கிறது, வாக்கியம் தமிழ். 'மருந்தகத்தில் மருந்தினை எடுத்துக்கொண்டேன்' என்பதில் எல்லாம் தமிழ்ச் சொற்கள், வாக்கியமோ ஆங்கிலம். முன்னதைச் சிவப்பு மையால் வெட்டிவிட்டுப் பின்னதற்குச் சரி போடுகிறோம். இது முறையா?

நம் முன்னோர் இதில் நம்மைவிடத் தெளிவாக இருந்தனர். 'தேயிலை' என்ற சொல்லையே பாருங்கள். 'தே' சீனத்து ஹொக்கியன் பேச்சில் பிறந்த சொல். மலாயில் அது 'தே' என்றே வழங்குகிறது. 'இலை' நம்முடையது. எங்கோ பிறந்த அசையோடு நம் இலையை ஒட்டிச் சொல் செய்துகொண்டனர். இன்று அதைப் பிறமொழிச் சொல் என்று யார் நினைக்கிறார்? ஆங்கிலத்தின் 'லைன்' தோட்டத்தில் லயமாயிற்று. படை வீரர் பயிற்சியைக் குறிக்கும் கவாத்து என்ற சொல், செடியை ஒழுங்காக வெட்டிவிடுவதையும் குறிக்கிறது. கொழுந்து, கவாத்து, லயம் முதலிய சொற்களைப் பேச்சுவழக்கு என்று ஒதுக்கினால், பிள்ளை தன் பாட்டியின் வாழ்க்கையையே கட்டுரையில் எழுதமுடியாமல் போகும். தன் வீட்டுத் தமிழ் தாழ்ந்தது என்று ஒருமுறை எண்ணிவிட்ட பிள்ளை, பிறகு எந்தத் தமிழையும் விரும்பிப் பேசாது. இதுவே என் அச்சம்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் நான் முன்வைப்பவை நான்கு:

1. மொழிபெயர்க்கும் முன், 'இதை யார், யாரிடம், எதற்காகச் சொல்கிறார்?' என்று பிள்ளையைக் கேட்கச் செய்யுங்கள். ஆங்கிலத்தின் 'அங்கிள்' மாமாவா, சித்தப்பாவா, பெரியப்பாவா என்பது அதன் பின்புதான் தெரியும்.

2. அகராதியைத் திறக்குமுன், 'இதை உன் பாட்டி எப்படிச் சொல்வார்?' என்று கேளுங்கள். வீட்டிற்குச் சென்று கேட்டுவரச் சொல்லுங்கள். மொழியணிப் பாடத்தில் படிக்கும் மரபுத்தொடர்கள் பல அங்கே உயிரோடு இருக்கின்றன.

3. கலைச்சொல்லைக் கற்பிக்கும்போது அதன் பொருளைப் பிரித்துக் காட்டுங்கள்.

4. மொழிபெயர்த்த வரியை, ஆங்கிலத்தைப் பார்க்காத ஒருவரிடம் படித்துக் காட்டச் செய்யுங்கள். அவர் தம் சொந்தச் சொற்களில் திருப்பிச் சொல்லட்டும். சரியாகச் சொன்னால் மட்டுமே அது மொழிபெயர்ப்பு.

நான்காவதை அந்தப் பாட்டியிடமிருந்தே கற்றேன். 'எப்படிச் சாப்பிடுவீங்க, சொல்லுங்க' என்று பேரன் அன்றே ஒருமுறை கேட்டிருந்தால் பிழை வெளிப்பட்டிருக்கும்.

மறுநாள் வகுப்பில், யார் பெயரையும் சொல்லாமல், 'எட்டு மணி', 'எட்டு மணி நேரம்' என்று கரும்பலகையில் எழுதி வேறுபாடு கேட்டேன். அந்தப் பையன்தான் முதலில் கை தூக்கினான். கொஞ்சம் தலை குனிந்தபடியே, மிகச் சரியாகச் சொன்னான். இந்த ஆண்டில் நான் கேட்ட மிகச் சிறந்த மொழிபெயர்ப்பு விளக்கம் அதுவே.

பாட்டியார் நலமாக இருக்கிறார். மருந்து உறைகளை இப்பொழுதும் பேரனிடமே படிக்கக் கொடுக்கிறார்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியன்,
கோலா தெர்லா, கேமரன் மலை.